மேம்பாலத்தில் மூன்றாவது கியர்

காலையில் சதுரங்கப்பட்டினத்தில் மீன் ஏற்றிச் செங்கல்பட்டுக்குக் கொண்டுவருவது என் கணவரின் வேலை. பழைய சின்ன கார். பின் சீட்டைக் கழற்றிவிட்டு ஐஸ் பெட்டிகளை அடுக்கியிருப்பார். ரயில்வே மேம்பாலம் ஏறும்போதுதான் வண்டி, முதல் கியருக்கு இறக்கினாலும், திணறும். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். திட்டு வாங்கிய நாளில் வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொள்வார்.

நான் வீட்டிலேயே ஃபேன், மிக்ஸி மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவள். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பினால் இழுவை கூடும் என்று தெரியும். பெரிய வண்டிகளில் டர்போ அதைத்தான் செய்கிறது. அதில் இன்ஜின் விடும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றிக் காற்றைத் தள்ளும். அந்தச் சக்கரத்தை மோட்டார் சுழற்றினால் என்ன?

"வண்டிக்கு டேபிள் ஃபேன் மாட்டப் போறியா?" என்று என் கணவர் சிரித்தார்.

படாளத்துப் பழைய இரும்புக் கடையில் பழுதான டர்போ ஒன்று கிடைத்தது. அதன் காற்றுச் சக்கரத்தை எடுத்து அதிவேக மோட்டார் ஒன்றில் பொருத்தி, இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயில் வைத்தேன். மோட்டாருக்குத் தனி பேட்டரி. ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தால் மட்டும் ஓடுகிற மாதிரி ஒரு சுவிட்ச்.

முதல் நாளே மானம் போனது. மோட்டார் ஓடாத நேரத்தில் சக்கரமே காற்றை மறித்துக்கொண்டது. சமதரையிலேயே முக்கி, திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் நின்றேவிட்டது. அவர் ஃபோன் பண்ணியதும் ஆட்டோ பிடித்துப் போனேன்; மீனை அதிலேயே மாற்றி அனுப்பினோம். எனக்கு அழுகை வந்தது.

"கழட்டிப் போட்டுடலாம்யா."

அவர் பானெட்டுக்குள் குனிந்து குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த சக்கரம் சுத்தாம சும்மா கீறப்போ காத்து வேற வழியா போவட்டுமே. இன்னொரு குழா வுடு."

சரியாகத்தான் சொன்னார். பக்கக் குழாய் ஒன்று வைத்து, உள்பக்கமாக மட்டும் திறக்கும் ரப்பர் மூடி போட்டேன். மோட்டார் நின்றால் காற்று அந்த வழியாக வரும். ஓடினால் அழுத்தத்தில் அதுவே மூடிக்கொள்ளும். இன்ஜினுக்கு ஆபத்து வராதபடி அழுத்தத்தையும் குறைத்து வைத்தேன்.

அடுத்த முறை நானும் கூடப் போனேன், பெட்டிகளுக்கு நடுவில் முட்டி மடக்கி. மேம்பாலத்தின் அடியில் அவர் அழுத்தி மிதித்தார். 'வீல்' என்று ஒரு சத்தம். மூன்றாவது கியரிலேயே வண்டி ஏறியது. உச்சிக்கு வந்ததும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாமே இது!"

"ரோட்டப் பாருய்யா."

பேட்டரி சீக்கிரம் சூடாகிறது. ஒரு ஏற்றத்துக்குத்தான் தாங்கும். அதற்குக் காற்றோட்டம் செய்துகொண்டிருக்கிறேன். அவருடைய குறை வேறு: "சத்தத்த கம்மி பண்ணு. ஆம்புலன்ஸுன்னு எல்லாம் ஒதுங்குறானுங்க."

சொல்லிவிட்டு, சத்தத்தை அடக்க அவரே ஸ்பாஞ்ச் வெட்ட உட்கார்ந்தார்.