மனாங் சோலெங்கின் தொண்ணூற்றேழு மதிப்பெண்

“கேக்குதா, மனாங்?” என்று செவிப்புலன் நிபுணர் கேட்டார்.

“கேக்குது. யாரோ ஒரு வாத்த தகர டப்பாவுல போட்டு மூடியிருக்காங்க.”

“அது என் குரல்தான்.”

“அய்யோ பாவம்.”

கணவர் ஃபவுஸ்தோ நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். “சோலெங், இப்ப நான் பேசறேன். தெரியுதா?”

“இது வேற வாத்து.”

“முப்பத்தி நாலு வருஷமா உன் புருஷன் நான்.”

“அப்ப வயசான வாத்து.”

காதில் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம் கழித்து, உள்ளே பொருத்திய செவிக்கருவியை முதன்முதலாக இயக்கிய நாள் அது. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு காந்தம். அதன்மேல் வெளியே ஒட்டிக்கொள்ளும் வட்டமான சிறு வில்லை. நானும் கூடப் போயிருந்தேன். அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்த மூன்று வருடங்களும், மற்றவர்கள் சொல்வதை நோட்டில் எழுதி மனாங் சோலெங்கிடம் காட்டியது பெரும்பாலும் நான்தான்.

பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரச் சந்தையில் பத்தொன்பது வயதிலிருந்து பட்சோய் என்னும் நூடுல்ஸ் சூப் விற்பவர் அவர். ‘மனாங்’ என்றால் அக்கா; ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். மாலையில் கடையை மூடியதும் கரோக்கி பாடுவார். காது சிறுகச் சிறுக அடைத்து, ஐந்து வருடங்களுக்கு முன் முழுவதுமாகப் போனது. பாட்டு மட்டும் நிற்கவில்லை. திரையில் எழுத்துகள் நிறம் மாறுவதைப் பார்த்தபடியே பாடினார். ராகம் எங்கெங்கோ போய் வந்தது. பாட்டு முடிந்ததும் கரோக்கிப் பெட்டி தொண்ணூற்றேழு மதிப்பெண் கொடுக்கும். யார் வெறுமனே இருமினாலும் கொடுக்கும். தெருவே கைதட்டும்.

சிகிச்சைக்கு அவர் சம்மதித்ததே தன் பாட்டைத் தானே கேட்கத்தான். “ஜனங்க பேசறத கேக்காம அஞ்சு வருஷம் நிம்மதியாத்தான் இருந்தேன்” என்பார்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில், சூப் அண்டாமேல் குனிந்தபோது வில்லை கழன்று இரும்பு அண்டாவில் ஒட்டிக்கொண்டது. அரை மணி நேரம் நாங்கள் பேசியதையெல்லாம் அண்டாதான் கேட்டது.

மூன்றாம் வாரம் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டார்.

“இப்படியா பாடிக்கிட்டிருந்தேன்? அஞ்சு வருஷமா?”

ஃபவுஸ்தோ தன் கோப்பையிலிருந்த பனிக்கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் பதினோரு நாள் மனாங் பாடவில்லை. கடைக்கு வந்தவர்கள் யாரோ இறந்துவிட்டதாக நினைத்துத் துக்கம் விசாரித்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் ஒரு சோதனை வைத்தார். முதலில் ஃபவுஸ்தோ பாட வேண்டும். பாடினார்.

“கண்றாவி” என்றார் மனாங். “ஆனா நீ எப்பவுமே அப்படித்தான். இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.”

அடுத்து, தேவாலயப் பாடகர் குழுவின் முதல் குரலான பக்கத்து வீட்டு டெல்ஃபின் வரவழைக்கப்பட்டார். அவர் கண்ணை மூடி உருகிப் பாடி முடித்தார்.

“இதுவும் கண்றாவி” என்று மனாங் முகம் மலர்ந்தார். “டெல்ஃபினே இப்படின்னா, கோளாறு கருவியிலதான்.”

டெல்ஃபின் ஒரு வாரம் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

நிபுணரிடம் கேட்டபோது, பேச்சு சீக்கிரம் பிடிபடும், இசைக்கு நாளாகும், ஒரே பாட்டைத் தினமும் கேட்டுப் பழகுங்கள் என்றார். மனாங் ஒரே பாட்டைத் தினமும் காலையில் எலும்பு வேகும்போது ஒலிக்கவிட்டார். நான்கு மாதத்தில் தெருவில் எல்லோருக்கும் அது மனப்பாடம். அவருக்கும் மெல்லப் பிடிபட்டது. வாத்துகள் மனிதர்களாயின. ஒருநாள் ஜன்னல் வழியே டெல்ஃபின் பாடியதைக் கேட்டு, “இவன் நல்லாத்தான் பாடறான்” என்றார். உடனே முகம் வாடிவிட்டது.

ஏனென்றால் ஃபவுஸ்தோ பாடுவது அப்போதும் கண்றாவியாகவே கேட்டது. பழியைப் போட இனிக் கருவி இல்லை. தான் டெல்ஃபின் பக்கமா, ஃபவுஸ்தோ பக்கமா என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு அவருடைய அறுபதாவது பிறந்தநாள். பிறந்தநாள்காரர்தான் முதல் பாட்டைப் பாட வேண்டும். நூடுல்ஸ் தட்டுகள் காலியாகி, பெட்டியையும் போட்டாயிற்று. மனாங் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். காதுக்குப் பின்னாலிருந்த வில்லையைக் கழற்ற விரலை வைத்துக்கொண்டே சொன்னார்:

“இண்டாய், பொண்ணே, இத மாட்டிக்கிட்டா நான் கேட்டுக்கிட்டே இருப்பேன், பாட மாட்டேன். நீ வச்சிரு. இந்தத் தெருவுலயே என் பாட்ட ஒருநாளும் புகழாத ஆளு நீ ஒருத்திதான். பக்கத்துல வந்து நில்லு. நல்லா இல்லன்னா என் கால மிதி, இருமற மாதிரி நிறுத்திக்கறேன். மெதுவா மிதி, செருப்பு புதுசு.”