உப்பு கூடியிருக்கும் என்றேன்

போன கோடையில், அதியமான்கோட்டையில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் நடந்தது இது. நான் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உப்பைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருத்தி செய்த தப்பு என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசிவிடக் கூடாது.

எனக்குக் கடல் மீன் வளர்க்கும் பைத்தியம் உண்டு. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் இரண்டு, கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் இருக்கின்றன. அவற்றுக்குக் கடல்நீர் வேண்டும். எங்கள் ஊரிலிருந்து கடல் அரை நாள் பயணம். அதனால் கடலை வீட்டிலேயே தயாரிக்க வேண்டியதுதான். கொல்லைப்புறச் சுவரில் ஆர்.ஓ. மெஷின் ஒன்றை மாட்டி, கீழே இரண்டு நீல டிரம் வைத்தேன். ஒன்றில் சுத்தமான தண்ணீர் சேரும். இன்னொன்றில் அந்தத் தண்ணீரை ஊற்றி, இதற்கென்றே விற்கும் கடல் உப்பைக் கொட்டி, சின்ன மோட்டார் விட்டு ஒரு நாள் முழுக்கக் கலக்குவேன். போர் தண்ணீரை விட்டால் மெஷின் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும் என்பதால் குழாயில் வரும் காவிரித் தண்ணீரைத்தான் அதற்கு விட்டேன். "தண்ணில உப்பு இருக்குதுன்னு ஊரே மெஷின் வாங்குது. நீ மெஷின் வாங்கி உப்பை எடுத்துட்டு, மறுபடி காசு குடுத்து உப்பு வாங்கிப் போடுற" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அந்த மெஷினில் ஒரு குடம் நல்ல தண்ணீர் கிடைக்க இரண்டு மூன்று குடம் வீணாக வெளியே போகும். தண்ணீருக்குத் தவிக்கும் ஊரில் அதைச் சாக்கடையில் விட எனக்கு மனம் வரவில்லை. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா வீடு. வீட்டுக்காரர் இல்லாதவர். ஒரே ஒரு கறவை மாடு, அதை நம்பித்தான் குடும்பம். மாட்டின் தண்ணித் தொட்டி எங்கள் மதிலை ஒட்டியே இருந்தது. ஒரு பச்சை டியூபை மதில் மேல் போட்டு, வீணாகும் தண்ணீரை அந்தத் தொட்டிக்கே திருப்பிவிட்டேன். அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். "போர் தண்ணிய மோந்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குமுங்க டீச்சர். இதை ஒரே மூச்சுல உறிஞ்சுது பாருங்க" என்றார். ஏதோ பெரிய தர்மம் செய்துவிட்டதைப் போல நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அதே தொட்டியில் தினமும் இன்னொருவரும் ஊற்றுவார். சர்வீஸ் ரோட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அம்மா அவர். அரிசி கழுவிய கழனித்தண்ணியையும் மிஞ்சிய சோற்றையும் வாளியில் கொண்டுவந்து மாட்டுக்கு ஊற்றிவிட்டு, அக்காவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். பல வருஷப் பழக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. உப்பு கலக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசி முடித்து வந்து, ஏற்கெனவே போட்டதை மறந்து இன்னொரு தடவை உப்பைக் கொட்டிவிட்டேன். அளந்து பார்த்தால் கடலைப் போல இரண்டு மடங்கு. சரி, வீணாய்ப் போகட்டும் என்று டிரம்மில் இருந்ததைச் சாக்கடைக்கு விட டியூபை மாட்டினேன். மெஷின் ஓடாத நேரம் என்பதால் அதன் டியூபும் கழற்றிக் கிடந்தது; கீழே ஒரே மாதிரி பச்சை டியூப் இரண்டு. ஒன்றை எடுத்து மாட்டி, மோட்டாரைப் போட்டுவிட்டு, விடைத்தாள் திருத்த உள்ளே போய்விட்டேன்.

நான் மாட்டியது மதில் மேல் போகும் டியூபை.

சாயங்காலம் அக்காவின் அழுகைச் சத்தம் கேட்டு ஓடினேன். மேய்ச்சலிலிருந்து தாகத்தோடு வந்த மாடு, கழனி வாசத்தில் உப்பையும் பொருட்படுத்தாமல் தொட்டியில் இருந்ததில் பாதியைக் குடித்திருந்தது. பேதியாகிக்கொண்டே இருந்தது. நிற்க முடியாமல் பின்னங்கால் பின்னியது. தண்ணீர் தண்ணீர் என்று தவித்தது. அக்கா ஓடி ஓடிக் குடம் குடமாகக் காட்டிக்கொண்டிருந்தார். தொட்டிக்கு மேலே தொங்கிய டியூப் நுனியிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்பு கரித்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "தொட்டியக் கழுவிடலாங்க்கா, எதுக்கும் நல்லது" என்று சொல்லி, தொட்டியைச் சாய்த்து எல்லாவற்றையும் மண்ணில் கொட்டினேன்.

அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு மாட்டு டாக்டரிடம் பேசினார். டாக்டர் பாலக்கோடு பக்கம் இருந்தார். என்ன தின்றது என்று கேட்டார். "கடைச் சோறுங்க சார். நேத்து பந்திக்கு ஆக்குனது மிஞ்சுச்சுன்னு ஊத்துனாங்க" என்றார் அக்கா. அப்படியென்றால் சோறு புளித்து வயிற்றைக் கெடுத்திருக்கும், சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள், நான் கிளம்பி வருகிறேன் என்றார் டாக்டர். அக்கா போனும் கையுமாக அடுப்படிக்கு ஓடினார்.

சமையல் சோடா என்றால் என்ன என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போடுகிறவள் நான். அதிலும் சோடியம்தான். உப்பால் விழுந்துகிடக்கும் மாட்டுக்கு மேலும் உப்பு. போனைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். "சார், சோடா வேணாங்க. உப்பு அதிகமாப் போயிருக்கும்னு தோணுதுங்க" என்றேன். எப்படிம்மா போகும் என்று கேட்டார். என்னையே பார்த்துக்கொண்டு, கையில் சோடா டப்பாவோடு அக்கா நின்றார்.

"கழனில உப்பு கூடியிருக்கும்" என்றேன்.

டாக்டர் உடனே சோடாவை நிறுத்தச் சொன்னார். தண்ணீரையும் ஒரேயடியாகக் காட்டக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டுக் கொடுங்கள் என்றார். அக்கா அதுவரை குடம் குடமாகக் கொடுத்துக்கொண்டிருந்ததே அதன் உயிருக்கு ஆபத்தாம். பிறகு நேரில் வந்து மருந்து ஏற்றினார். ஐந்தாம் நாள் மாடு எழுந்து தீவனம் தின்றது. "டீச்சர் மட்டும் சொல்லலைன்னா இந்நேரம் குழி வெட்டியிருப்பேன்" என்று அக்கா தெருவெல்லாம் சொன்னார். வேண்டாம் வேண்டாம் என்றாலும் தினமும் காலையில் ஒரு சொம்பு பால் எங்கள் வாசலில் இருந்தது.

அதற்கு முன்னால், இரண்டாம் நாள் மத்தியானமே, கடைக்கார அம்மா வழக்கம்போல வாளியோடு வந்திருந்தார். அக்கா வாளியைத் தொடக்கூட விடவில்லை. "உப்புத்தான்னு டீச்சரே சொன்னாங்க. பந்திச் சாம்பாரு, ஊறுகானு எல்லாத்தையும் கொண்டாந்து கொட்டி என் மாட்டைக் கொல்லப் பாத்தியே. இனிமே இந்தப் பக்கம் வராத" என்று கத்தினார். "நாங்க திங்கிற சோத்தைத்தான்டி உன் மாட்டுக்கும் ஊத்துனேன்" என்றார் அந்த அம்மா. வாளியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போனார். ஜன்னலுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். கதவைத் திறக்கவில்லை.

பதினோரு நாள் அப்படியே ஓடியது. அந்தப் பாலில் போட்ட காபியை நான் தொடவில்லை. மாடு பிழைத்துவிட்டதே, இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் என் வீட்டுக்காரர் கடையில் டிபன் வாங்கி வந்து, "என்னான்னு தெரியல, இப்பல்லாம் அந்தக் கடைச் சாம்பாரு சப்புன்னு இருக்குது" என்றார். நான் காதில் வாங்காததுபோல இருந்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் அக்கா பால் சொம்போடு வந்தவர், அன்றைக்குக் கோயிலில் என் பேருக்கும் சேர்த்து அர்ச்சனை செய்ததாகச் சொல்லி என் நெற்றியில் திருநீறு வைத்துவிட்டார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. டியூப், டிரம், தொட்டியைக் கழுவியது, போனில் சொன்ன பொய் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். திட்டுவார், கையில் இருக்கும் பாலை முகத்தில் ஊற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அக்கா சொம்பை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"தண்ணி மாறிப் போனது கை தவறினதுங்க டீச்சர். அதை வுடுங்க" என்றார். "அவளை வாயில வந்தபடியெல்லாம் பேசிட்டேனே. அதுக்கு நான் என்னாங்க பண்ணட்டும்? என்கிட்ட எதுக்கு அழுவுறீங்க, அவகிட்ட போயி சொல்லுங்க." சொம்பைக் கீழே வைக்காமல் திரும்பிப் போய்விட்டார்.

அப்போதே கடைக்குப் போனேன். லாரிக்காரர்கள் நாலைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டம் குறையட்டும் என்று நிற்கத் தோன்றியது. நின்றால் திரும்பிப் போய்விடுவேன் என்று தெரிந்ததால், அவர்கள் எதிரிலேயே சொன்னேன். அந்த அம்மா கல்லில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டார். அடுப்பைக் குறைத்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"நானே நம்பிட்டனுங்க டீச்சர்" என்றார். "படிச்சவங்க சொல்றாங்களே, அவசரத்துல நம்ம கைதான் தவறிப்போச்சாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். வாயில்லாத ஜீவனுக்கு இப்படிப் பண்ணிட்டமேன்னு ரெண்டு நாளு சோறு எறங்கல. அன்னையிலேர்ந்து உப்பு போடவே கை வரலீங்க. சப்புன்னு இருக்குதுன்னு வர்றவங்கல்லாம் சொல்றாங்க, அப்பவும் கை வரல."

மன்னிப்பு என்ற வார்த்தையை எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. "சரி வுடுங்க, வந்து சொன்னீங்களே" என்று ஒரு தோசையைத் தட்டில் போட்டு நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன். அன்று சாயங்காலம் அக்காவும் கடைக்குப் போய் அழுதுவிட்டு வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். இருவரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். ஆனால் கழனி வாளி மட்டும் எங்கள் தெருவுக்கு வரவில்லை. கடைக்குப் பின்னாலேயே சாக்கடையில் ஊற்றிவிடுகிறார்.

மீன்களை யாருக்காவது கொடுத்துவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். இல்லை, இன்னும் வளர்க்கிறேன். உப்புத் தண்ணீர் டியூப் மட்டும் சிவப்பாக மாறியிருக்கிறது. வாரத்தில் ஒரு நாளாவது அந்தக் கடையில் போய் உட்காருகிறேன். சாம்பாரில் உப்பு குறைந்திருந்தால் மற்றவர்கள் எல்லோரும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு மட்டும் இன்றுவரை கேட்க வாய் வருவதில்லை.