குணா வெட்டிய குரல்

மிக்ஸிங் குணா போய்விட்டார். ஹார்ட் அட்டாக்காம். காலையில் மன்னார்குடியிலிருந்து போன் வந்தது.

அதற்குள் என் டைம்லைன் முழுக்க "டெல்டாவின் டான்ஸ் கிங்", "இசை மேதை"... மேதையாம். கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கினால் டும் டும் என்று வரும். வாழ்நாள் முழுக்க அதைத்தான் அமுக்கினார்.

துபாயிலிருந்து அந்தக் கீபோர்டோடு வந்து இறங்கியவர், தெப்பக்குளம் பக்கம் ஒரு மாடி ரூமில் எதிரொலி அடங்க சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, ஸ்டூடியோ என்று போர்டு மாட்டினார். கேசட் காலம். டான்ஸ் பீட்டில் ஒரு புதுப் பாட்டு, ஆனால் குரலில் உருக்கம் வேண்டும் என்று ஆள் தேடினார். உருக்கத்துக்கு மாட்டியது நாங்கள் இரண்டு பேர்.

ஒருவர் முத்துப்பேட்டை ஜபருல்லா பாய். கல்யாண வீடுகளில் பாடுவார். இன்னொருத்தி நான். ஸ்கூலில் டீச்சர், ஞாயிற்றுக்கிழமை லுத்தரன் சர்ச் பாடகர் குழுவில் ஆல்ட்டோ. மெயின் ட்யூனை மற்றவர்கள் பாட, ஆல்ட்டோக்காரர்கள் நாங்கள் அதற்குக் கீழே வேறொரு வரியில் தாங்கிக்கொண்டே போவோம். தனியாகக் கேட்டால் அது பாட்டே இல்லை.

ட்யூன் ஜபருல்லா பாய் போட்டது. அவர் பாடினார், நான் பழக்கப்படி கீழே தாங்கினேன். அடுத்த வாரம் அவருக்கு சவுதி பயணம். "நான் போனப்புறம் அம்மா கேக்கட்டும் டீச்சர்," என்றார்.

அவர் பாடும்போது குணா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்த்தேன்...

கேசட் வந்தது. பாயின் குரலே இல்லை. என் ஆல்ட்டோ மட்டும், அதுவும் ஸ்பீடு ஏற்றி, டும் டும்மோடு.

நேரில் போய்க் கேட்டேன். "பாய் இழுத்து இழுத்துப் பாடுறாரு, பீட்ல உக்காரல. ஆடுறவனுக்கு எது ட்யூன்னு தெரியவா போவுது?" என்றார்.

பாய் பாடியதையாவது தனியாகக் கொடுங்கள் என்றேன். அந்த டேப்பிலேயே வேறு எதையோ பதிந்துவிட்டாராம். அழுதுகொண்டே கேட்டதை அழிக்க எப்படித்தான் கை வந்ததோ!

பூதலூர் வரைக்கும் கல்யாணத்துக்குக் கல்யாணம் அதைப் போட்டு ஆடினார்கள். ட்யூன் எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இல்லை... ஒருவர் கேட்டார். பாயின் அம்மா. கேசட்டை இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுல எம்புள்ள எங்கேம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

பாய் முதல் லீவில் வருவதற்குள் அந்த அம்மா போய்விட்டார்.

இன்று குணா வீட்டுக்குப் போயிருந்தேன். ஐஸ் பெட்டி பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்து அதே பாட்டு. அவருடைய பெரிய ஹிட் இல்லையா.

பக்கத்தில் போய் நின்றேன். அப்புறம் ஸ்பீக்கரில் வந்த என் குரலுக்கு மேலேயே பாயின் ட்யூனைப் பாடினேன். வாய்விட்டு. அந்த ஸ்பீடுக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் விடவில்லை.

குணாவின் மனைவி நிமிர்ந்து பார்த்தார். "இது எந்தப் பாட்டு அக்கா?"

"இதே பாட்டுதாம்மா."

முழுசாகப் பாடியாச்சு, குணா சார். கிளம்புங்க.