காலியாக இருக்க வேண்டிய ஃப்ரீசர்

பொது ஆய்வுக்கூடத்தில் காலியாக இருக்க வேண்டிய ஃப்ரீசரை என் சொந்த மாதிரிகளால் நிரப்பினேன். அதனால் இன்னொருவரின் பல வருட உழைப்பு பாழானது. ஓய்வுபெற்ற பிறகுதான் இதை எழுதத் துணிவு வந்தது.

திருநெல்வேலியில் மூன்று கல்லூரிகள் சேர்ந்து தடுப்பூசி ஆராய்ச்சிக்கு ஒரே கூடம் அமைத்தோம். ஆளுக்கொரு இயந்திரம் வாங்கிப் பராமரிக்க முடியாமல் மூடிவைப்பதைவிட, கரண்டுச் செலவுவரை பகிர்ந்துகொண்டால் கூடம் நிலைக்கும் என்று திட்டம் எழுதியவன் நான். மைனஸ் எண்பது டிகிரியில் இரண்டு ஃப்ரீசர்கள். ஒன்றில் எல்லோருடைய மாதிரிகளும் இருக்கும். அது பழுதானால் மாற்றிவைக்க, மற்றொன்று காலியாகவே ஓட வேண்டும். இந்த விதியும் என்னுடையதுதான். வீணாக ஓடுகிறதே என்று என் பெட்டிகளை ஒவ்வொன்றாக அதில் அடுக்கினேன். சாவி என்னிடம் இருந்தது.

ஓர் ஐப்பசி மழையில் முதல் ஃப்ரீசரின் கம்ப்ரஸர் நின்றுவிட்டது. காலையில் பார்த்தபோது மைனஸ் முப்பது. மற்றவர்கள் தங்கள் மாதிரிகளில் ஒரு பங்கைக் கல்லூரியிலும் வைத்திருந்தார்கள். கால்நடை மருத்துவர் மாரிச்செல்விக்கு அப்படி எதுவும் இல்லை. ஆட்டுக்கொல்லி நோய்க்குப் புதிய தடுப்பூசி தேடி, ஆற்றங்கரை ஊர்களில் அவர் சேகரித்த வைரஸ் முழுவதும் அதற்குள் இருந்தது.

"சார், அந்தக் காலி ஃப்ரீசரத் தெறங்க. சூடு ஏறிக்கிட்டே இருக்கு."

"சாவி வீட்டம்மா கைப்பையில திருச்செந்தூர் போயிருச்சும்மா."

"பூட்ட ஒடைக்கட்டா?"

"கதவு கெட்டுரும். மதுரைலேர்ந்து ட்ரை ஐஸ் வருது, பொறு."

சாவி என் சட்டைப்பையில் இருந்தது. என் பெட்டிகளை வெளியே எடுத்தால் அவை கெட்டுவிடும், என் குட்டும் வெளிப்படும். அவ்வளவுதான் காரணம். ட்ரை ஐஸ் வண்டி வெள்ளத்தில் மாட்டி மறுநாள் வந்தது. பிறகு சோதித்ததில் ஒரு குழாயிலும் வைரஸ் உயிரோடு இல்லை.

சில நாட்கள் தூக்கமில்லாமல் கிடந்து, மாரிச்செல்வியிடமும் கூடத்தின் நிர்வாகக் குழுவிடமும் உண்மையைச் சொல்லிக் கூடத்தின் பொறுப்பிலிருந்து விலகினேன். ஊர் ஊராக வந்து மாதிரி எடுக்க உதவுகிறேன் என்றேன்.

"எங்க போயி எடுக்கது சார்? நோய் திரும்ப வந்தாத்தான் வைரஸ் கெடைக்கும். ஆடு சாவட்டும்னு வேண்டிக்கிடவா முடியும்?"

இருந்தாலும் ஆடு வளர்ப்பவர்களிடம் என் நம்பரைக் கொடுத்து வைத்தேன். ஒவ்வொரு மழைக்கும் போனைப் பார்த்தபடி இருப்பேன். இந்த வருடம் சீவலப்பேரியிலிருந்து சுடலைமுத்து கூப்பிட்டார். மூக்கொழுகி, வாயெல்லாம் புண்ணாகி, மூன்று ஆடுகள் படுத்துவிட்டன. மாரிச்செல்வியோடு போனேன். அவர் எடுத்துத் தந்த மாதிரிகளை ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன்.

"ஏன் வே, இங்கன ஆடு சாவக் கெடக்கு. ஒமக்குச் சிரிப்பு வருதோ?" என்றார் சுடலைமுத்து.

நான் சிரித்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மாரிச்செல்வி பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.