நான்கு பேர், 272 கிலோ

எங்கள் கட்டடத்து லிஃப்ட் பதினெட்டு வருடமாக யாரையும் எதுவும் கேட்டதில்லை. சோபா, ஃப்ரிட்ஜ், கல்யாண வீட்டுக் கூட்டம், எதை ஏற்றினாலும் முனகிக்கொண்டே ஐந்தாவது மாடி வரை போய்ச் சேரும். போன வருடம் ஜனவரியில் அசோசியேஷன்காரர்கள் அதற்கு ஒரு புது சென்சார் மாட்டினார்கள். அன்றிலிருந்து அதற்கு வாய் முளைத்துவிட்டது. நான்கு பேர், 272 கிலோ என்று உள்ளே ஒரு தகடு எப்போதும் இருந்ததுதான். நாங்கள் யாரும் அதைப் படித்ததில்லை. லிஃப்ட் படித்துவிட்டது.

நாங்கள் சரியாக நான்கு பேர். என் வீட்டுக்காரர் அரசாங்க எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவு இன்ஜினியர். மகள் படிப்பை முடிக்கப்போகிறவள், மகன் இன்டர்மீடியட், அதாவது நம் பக்கத்து பிளஸ் டூ. நான் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். வார நாட்களில் ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு திசை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிகந்தராபாத்தில் தமிழ் ஆராதனை முடிந்து, ஒரே காரில் ஏ.எஸ்.ராவ் நகருக்குத் திரும்பி, நான்கு பேரும் ஒன்றாக லிஃப்டில் ஏறுவோம்.

புது சென்சார் வந்த முதல் ஞாயிறு, மூன்று பேர் ஏறிவிட்டார்கள். பைபிள்களையும் கைப்பையையும் அணைத்துக்கொண்டு கடைசியாக நான் காலை வைத்தேன். அது வீறிட்டது. கீழே தபால் பெட்டியருகே நின்றிருந்த நாலைந்து பேர் திரும்பி என்னை மட்டும் பார்த்தார்கள். நான் காலை எடுத்தேன், சத்தம் நின்றது. இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷியைக் குண்டு என்று சொல்ல முடியாது. பட்டுப்புடவையோடு ஐந்து மாடி ஏறினேன். அவ்வளவு ஏறியதற்குப் பலனாக மதியம் பிரியாணியை இரண்டு தடவை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

கடைசியாக ஏறுகிறவர்தான் குண்டு என்பது அன்று முதல் எங்கள் வீட்டுச் சட்டமானது. வீட்டுக்காரர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "அதுக்கு ஆளு தெரியாது, மொத்தம்தான் தெரியும்" என்று அடுத்த ஞாயிறு என்னை முதலில் ஏற்றி மூலையில் நிற்கவைத்தார். கடைசியாக மகன் ஏறினான். அது கத்தியது. மூன்று பேரும் திரும்பி மூலையில் நின்ற என்னைப் பார்த்தார்கள். இந்த முறையும் நான்தான் இறங்கினேன்.

அன்று மாலை குளியலறை எடைமெஷினைக் கூடத்தில் வைத்து, ஆராதனைக்குப் போன கோலத்திலேயே, பைபிளும் கைப்பையுமாக எங்களை வரிசையாக நிறுத்தி நிறுத்தார். அவர் 79, நான் 75, மகன் 66, மகள் 55. கூட்டினால் 275. மூன்று கிலோதான் கூடுதல் என்றார். இதை அவர் நல்ல செய்தியாகத்தான் சொன்னார்.

பிப்ரவரியில் மகளுக்கு வேலை உத்தரவு வந்தது. மாதாப்பூரில் ஆபீஸ், ஜூனில் சேர வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து அங்கே தினமும் போய்வருவது என்பது பாதி ஆயுளை பஸ்ஸில் கழிப்பது. அதனால் ஹாஸ்டல் என்று முடிவானது. எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் அன்றே மனதுக்குள் ஒரு பைத்தியக்கார ஆசை வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் போவதற்குள் ஒரே ஒரு ஞாயிறு நாங்கள் நான்கு பேரும், யாரும் இறங்காமல், ஒன்றாக மேலே போக வேண்டும். இதை யாரிடம் சொல்ல முடியும்? டயட்டில் இருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கொழுப்பு எங்கே சேர்கிறது, எப்படிக் கரைகிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறவள் நான். வீட்டுக்கு வந்தால் அந்தப் படிப்பு செருப்போடு வாசலிலேயே நின்றுவிடும். காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து குடித்தேன். எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்புத் தண்ணீர் ஊற்றியதுபோல உள்ளே எல்லாம் கழுவிக்கொண்டு போகும் என்று மனதார நம்பினேன். தேன் கொஞ்சம் அதிகம் விட்டால் இன்னும் வேகமாகக் கழுவும் என்றும் நம்பினேன். இரவில் சோற்றை நிறுத்தினேன். இரவில் சாப்பிடும் சோறுதான் கொழுப்பாகிறது என்று ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் சொன்னார்கள். கடைசியாகச் சாப்பிட்டதைக் குற்றவாளி ஆக்குவதும், லிஃப்டில் கடைசியாக ஏறியவளைக் குற்றவாளி ஆக்குவதும் ஒரே அநியாயம்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. சோற்றுக்குப் பதில் சப்பாத்தி தின்றேன். சப்பாத்தி உடம்பை ஏற்றாது என்பதால் ஆறு, அது தொண்டையில் இறங்க வேண்டும் என்பதால் நெய்.

ஏப்ரலில் வியர்வையைப் பிடித்துக்கொண்டேன். மகனின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு சாயங்காலம் மொட்டை மாடியில் அரை மணி நேரம் நடப்பேன். இறங்கி வந்து நின்றால் மெஷின் முக்கால் கிலோ குறைத்துக் காட்டும். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் அந்த முக்கால் கிலோ அப்படியே திரும்பி வரும். அதனால் தண்ணீர்தான் உடம்பை ஏற்றுகிறது என்று கண்டுபிடித்தேன். உயிரியல் டீச்சர்.

மூன்றாவது மாடித் தெலுங்குக்கார அம்மா எனக்காகக் கொள்ளு வேகவைத்து உலவச்சாறு கொடுத்தனுப்பினார். கொள்ளு உடம்பை இறக்கும் என்றார். அதை வெறுமனே குடிக்கக் கூடாதாம், சூடான சோற்றில் பிசைந்து மேலே வெண்ணெயோ பாலாடையோ போட வேண்டுமாம். மருந்து என்பதால் அந்தச் சோற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆச்சரியம், மே மாதம் நான் மூன்று கிலோ குறைந்து 72-இல் நின்றேன். எது வேலை செய்தது என்று இன்றுவரை தெரியாது. அந்த ஞாயிறு நிமிர்ந்து போய் லிஃப்டில் ஏறினேன். அது கத்தியது. வீட்டுக்காரர் மறுபடி எல்லாரையும் நிறுத்தார். மகன் 69. நான் விட்ட சோறு, நான் விட்ட முட்டை, நான் தொடாத பிஸ்கட், எல்லாம் வீணாகக் கூடாதென்று அவன் தட்டுக்குத்தான் போயிருந்தன. மொத்தம் அதே 275.

"எடை எங்கயும் போவல. பக்கத்துல போயிருக்கு" என்றார் வீட்டுக்காரர். ஒரு விதியைக் கண்டுபிடித்தவரின் பூரிப்பு அவர் முகத்தில். எனக்கு வந்த கோபத்தில் அன்று மழைக்கோட்டு இல்லாமலே வியர்த்தது.

மகள் புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறு. என் ஆசையை நான் சொல்லவில்லை, ஆனால் வீட்டுக்காரர் கண்டுபிடித்திருந்தார் என்று நினைக்கிறேன். காலையில் யாருக்கும் டிபன் கிடையாது என்று அறிவித்தார். ஆராதனை முடிந்து வந்ததும், லிஃப்டுக்கு முன்னால் நால்வரும் செருப்பைக் கழற்றினோம். பைபிள்கள், கைப்பை, குடை, நான்கு போன்கள், பெல்ட், சாவிக்கொத்து, எல்லாவற்றையும் வாட்ச்மேன் நாற்காலியில் அடுக்கினோம். இந்தச் சாமான்களே மூன்று கிலோ இருக்கும் என்றார் வீட்டுக்காரர். வாட்ச்மேன் பயந்துபோய் எழுந்து நின்றார். வெறுங்காலோடு ஒவ்வொருவராக உள்ளே போனோம். நான் மூச்சை வேறு அடக்கிக்கொண்டேன், காற்றுக்கும் எடை உண்டல்லவா.

அது கத்தியது.

ஆராதனைக்குப் பிறகு கொடுத்த சமோசாவில் நானும் மகளும் எங்கள் பங்கை வேண்டாம், இந்த ஊர் பாஷையில் நக்கோ, என்றிருந்தோம். மகன் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க ரெண்டு பேரும் நக்கோன்னீங்களே" என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. காலை எடுத்து வெளியே வைத்தேன், கதவு மூடியது, மூவரும் மேலே போனார்கள். நான் வெறுங்காலோடு படியேறினேன். மூன்றாவது மாடியில் உட்கார்ந்து அழுதேன். தெலுங்குக்கார அம்மா கதவைத் திறந்து, முழங்கால் வலியா என்று கேட்டு, ஒரு கிண்ணம் உலவச்சாறு கொடுத்தார்.

மகள் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு நாங்கள் மூன்று பேர் ஏறினோம். கதவு சத்தமில்லாமல் மூடியது, லிஃப்ட் சத்தமில்லாமல் மேலே போனது. அந்த அமைதியை நான் வெறுத்தேன். வீட்டுக்காரர் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், மகன் போனைப் பார்த்தான்.

அந்த மாதங்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எலுமிச்சை இல்லை, தேன் இல்லை, மழைக்கோட்டு இல்லை. நான்கு கிலோ தானாகப் போனது. ஸ்டாஃப் ரூமில் என்னைச் சுற்றி உட்கார்ந்து என்ன டயட் என்று கேட்டார்கள். பத்து வயது குறைந்துவிட்டதாம், முகத்தில் களை வந்துவிட்டதாம். மகளை ஹாஸ்டலுக்கு அனுப்புங்கள் என்று சொல்ல முடியுமா? கொள்ளு என்றேன். மூன்றாவது மாடி அம்மா கட்டடம் முழுக்க என்னைக் காட்டித் தன் உலவச்சாற்றின் புகழைப் பரப்பினார்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மகள் வந்தாள். வாசலிலேயே, இளைத்துவிட்டாயே என்று அவள் கன்னத்தைப் பிடித்தேன். அவள் சிரித்துவிட்டு, ஆபீஸில் கொடுக்கும் தீனியில் மூன்று கிலோ ஏறியிருக்கிறேன் என்றாள். கையில் பிடித்திருந்த கன்னமும் அதைத்தான் சொன்னது.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்தோம். வீட்டுக்காரர், மகன், நான், கடைசியாக மகள். அவள் காலை வைத்ததும் அது வீறிட்டது. தபால் பெட்டியருகே நின்றவர்கள் திரும்பினார்கள். வீட்டுக்காரரின் உதடுகள் கூட்டல் போட ஆரம்பித்தன.

"நான் இறங்குறேம்மா" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நக்கோ. நில்லு."

யாரும் இறங்கவில்லை. கதவு திறந்தே கிடந்தது, அது கத்திக்கொண்டே இருந்தது. நாங்கள் நான்கு பேரும் தோளோடு தோள் ஒட்டி, தரைத்தளத்திலேயே நின்றுகொண்டிருந்தோம். வாட்ச்மேன் ஓடிவந்து, லிஃப்ட் ரிப்பேரா, மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா என்று தெலுங்கில் கேட்டார். வேண்டாம், இன்றைக்குத்தான் சரியாக வேலை செய்கிறது என்றேன்.