அப்பா நெஞ்சின் சத்தம்

ஒரகடத்தில் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கும்போது, பழுதான நுரையீரலின் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டேன். மெல்லிய விசில், அதனடியில் மணல் உரசுவதுபோல ஒரு கரகரப்பு.

மணிமங்கலத்து வீட்டில் நான் கேட்டு வளர்ந்த சத்தம் அது. ஜல்லி உடைக்கும் கிரஷரிலிருந்து அப்பா வரும்போது கல் தூசியில் புருவம்கூட வெள்ளையாக இருக்கும். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை அம்மா அவர் நெஞ்சில் தேய்ப்பாள். அந்த வாசனையோடு அங்கேயே காதை வைத்துத் தூங்கிவிடுவேன். ஒரு விடியற்காலையில் சத்தம் நின்றது. நின்றதால்தான் எனக்கு விழிப்பு வந்தது.

“இது என்ன நோய்னு யாராவது சொல்லுங்க” என்றேன்.

முன்வரிசைப் பெண் சிரித்தாள். “நோயா? நார்மல்தானே மிஸ். எங்கப்பா கம்பெனில இரும்பு கிரைண்டிங் போடுறாரு. வூட்ல டெய்லி இப்டித்தான் கேக்கும். இது இல்லன்னா எனக்குத் தூக்கமே வராது.”