ஜன்னலில் கட்டிய பட்டுச் சேலை

என் வீட்டுக்காரருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். ஊசி மருந்துக்கு முதலில் கட்டி அடங்கியது. முடி கொட்டினாலும் சோறு இறங்கியது. பிறகு அந்த மருந்துக்கே கட்டி பழகிவிட்டது. எச்சில்கூட இறங்கவில்லை. கோலாலம்பூர் டாக்டர் சொன்னதை மகள்தான் எனக்கு விளக்கினாள்.

"இனி அந்த மருந்துக்கு அடங்காதும்மா. வேற ஊசி போட்டு, கொழாய் விட்டு உள்ள லைட் அடிப்பாங்க. பட்ட எடத்துல கட்டி செத்துரும். ஆனா அந்த மருந்து தோல்லயும் தங்கும். அப்பா கொஞ்ச வாரம் வெயில்ல தலைகாட்டக் கூடாது, தோல் வெந்துரும்."

நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள். ஆனாலும் ஒப்படைத்த வேலையில் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. கிள்ளானில் எங்கள் வீட்டுத் திரைத்துணி மெல்லிசு. அதனால் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் எடுத்த பட்டுச் சேலைகளை மடித்து ஜன்னல்களில் கட்டினேன். லைட் அடித்து முடிந்து, பொழுது சாய்ந்ததும் தொப்பியும் கையுறையுமாக வந்து இறங்கியவர் சேலையைத் தடவிப் பார்த்தார்.

"யாருக்குக் கல்யாணம்லா?"

"உங்களுக்குத்தான். பேசாம படுங்க."

விசாரிக்கப் போனில் கூப்பிட்ட நர்ஸிடம், சாமி விளக்கைக்கூட ஏற்றவில்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

"ஐயோ ஆன்டி, அவ்வளவு இருட்டு ஆகாது. வீட்டு வெளிச்சம் கொஞ்சம் இருந்தாத்தான் தோல்ல உள்ள மருந்து மெதுவாப் போகும். வெளக்கு ஏத்துங்க. வெயிலும் பெரிய லைட்டும்தான் கூடாது."

ஏற்றினேன். லைட் பட்ட புண்ணில் முதலில் நெஞ்சு எரிகிறது என்று அவர் துடித்தார். எரிச்சல் அடங்கிய ஒரு சாயங்காலம், ஆற்றிய தேத்தண்ணீர் கடகடவென்று இறங்கியது. "இன்னும் ஊத்து" என்றார். அடுப்படிக்குப் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த ஸ்கேன் முடிந்ததும் மகள் என்னை மட்டும் வெளியே கூட்டிப் போனாள்.

"தொண்டை தெறந்துருச்சும்மா. ஆனா ஈரல்ல பரவியிருக்கு. நெறைய எடத்துல. அங்க லைட் எட்டாதாம்."

"ஏன் எட்டாது? இன்னொரு கொழாய் விடச் சொல்லு."

துணிக்கடையில் விடாமல் பேரம் பேசுகிறவள் நான். அங்கே யாரிடம் பேசுவது?

வெயில் படலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று சேலைகளை அவிழ்த்தேன். அரக்குச் சேலை தெருப்பக்கம் வெளுத்திருந்தது. வெயில் அவர் காலில் விழுந்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"தொண்டை தெறந்துருச்சாம்."

"அது எனக்கே தெரியுது. வேற?"

நான் மடித்த சேலையையே பிரித்துத் திரும்ப மடித்தேன். என்னையே பார்த்தார்.

"கண்ணு கூசுது. அத திரும்பக் கட்டு" என்றார்.

கட்டினேன்.